புதுப்பிப்பு: வெயில் நேரத்தில் நின்றுபோகும் சோலார் இன்வேர்ட்டர், கோண்டாவில்

கூரையில் உள்ள 5 கிலோவாட் சோலார் மத்தியானத்தில் 'வோல்டேஜ் கூட' என்று காட்டி நின்றுவிடுகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. இப்போது சரி.

மீட்டரிலும் இன்வேர்ட்டரிலும் (சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) ஒரே நேரத்தில் வோல்டேஜை அளக்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. மீட்டரடியில் 241 வோல்ட், பின்வளவில் இன்வேர்ட்டர் முனையில் 248. இலங்கையில் அனுமதி 230க்கு 6 வீதம் கூடக்குறைய, அதாவது 216.2 முதல் 243.8 வரை. லைன் எல்லைக்குள்தான் இருந்தது. இடையில் ஓடிய 40 மீற்றர், 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர்தான் மீதி 7 வோல்ட்டை ஏற்றியிருக்கிறது. "தம்பி, கரண்ட் வெளியே போகேக்க வயர் மெலிஞ்சா இந்தப் பக்கம்தான் ஏறும்" என்றார் வயரிங் அண்ணா. 16 சதுர மில்லிமீற்றர் போட்டதும் வித்தியாசம் 2 வோல்ட்டுக்குள் வந்துவிட்டது.

இன்வேர்ட்டர் நின்றுபோகும் வோல்டேஜ் எல்லையை உயர்த்தும் யோசனையை நான் எடுக்கவில்லை, யாரும் எடுக்கவும் வேண்டாம். அந்த எல்லை அயல் வீட்டு பிரிட்ஜையும் காக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: ஞாயிறுகளில் மீட்டரடியிலேயே 245 தாண்டியது. கடை, கந்தோர் பூட்டியிருக்க, சோலார் தரும் கரண்டை எடுக்க ஆளில்லை. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தும்படி மின்சார சபை சொன்னதும் இதே மாதிரிக் காரணத்தால்தான். அளவுகளை நேரத்தோடு எழுதி மின்சாரக் கந்தோரில் கொடுத்தோம். டிரான்ஸ்போமரின் டாப்பை (வெளியே வரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஒரு படி இறக்கினார்கள். அப்புறம் இரவிலும் அளந்தேன்: 222, எல்லைக்குள்.