நல்லூர்க் கொடி இறங்கினதும் என் பொறுமையும் போய்விடுகிறது. நிலைக்கிற மாதிரி மாறினவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி: கொக்குவில் அப்பா

வணக்கம். நான் கொக்குவில். யாழ்ப்பாண ரவுனில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மகன் நாலாம் ஆண்டு. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. பின்னேரம் வந்து குளித்துவிட்டு அவனோடு கணக்குக் கொப்பியைத் திறந்தால் கால் மணித்தியாலத்துக்குள் கத்தத் தொடங்கிவிடுவேன்.

நல்லூர் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் மட்டும் நான் வேறு ஆள். மீன், இறைச்சி காய்ச்சுகிற மச்சச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்த நாளிலிருந்து 25 நாளும் வாயில் ஒரு கடுஞ்சொல் வராது. இந்த முறை அந்த நாள்களில் மகன் என் தோளில் சாய்ந்துகொண்டு வாய்ப்பாடு சொன்னான். தீர்த்தம் முடிந்து நாலாம் நாள், ஏழெட்டு எத்தனை என்று கேட்டேன். 54 என்றான். கொப்பியைத் தூக்கி எறிந்தேன். அது சாமி அறை வாசலில் போய் விழுந்தது. அவன் எழும்பிப் போய் எடுத்து, மடங்கின மட்டையை உள்ளங்கையால் நீவி நீவி நிமிர்த்தி, திரும்பவும் எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தான். அழவில்லை. அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

25 நாள் முடிந்தது என்றால் மிச்ச நாளில் ஏன் முடியவில்லை? உள்ளே ஒன்றும் மாறாமல் வெளியே மட்டும்தான் விரதம் பிடிக்கிறேனா?

பதில்: பனங்கூடல்

அண்ணா, 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்வார்கள். நீங்கள் 25 நாள் செய்திருக்கிறீர்கள். அப்படியே கந்தசஷ்டி வரைக்கும் நீட்டிப் பாருங்கள்.

பதில்: இரவுக் கடமை

நான் தாதியாக வேலை செய்கிறேன். அந்த 21 நாள் கணக்கை நம்பி மனம் உடைந்து போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். 1960இல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், முகம் மாறின நோயாளிகள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். ஊர் ஊராகப் போனதில் 'குறைந்தது' என்ற சொல் விழுந்துவிட்டது. பிறகு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2010இல் அச்சில் வந்தது. ஒரு பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊறச் சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை போனது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஆனால் அவர்கள் பார்த்தது மத்தியானம் பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது போன்ற விஷயங்கள். கோபத்தை அப்படி நாள் எண்ணி அடக்க முடியுமா தெரியாது. திருவிழா நாளில் ஊரே சேர்ந்து உங்களைத் தாங்குகிறது. கொடி இறங்கியதும் தனியாக நிற்கிறீர்கள். அது உங்கள் குற்றம் இல்லை.

பதில்: கணித வாத்தியார், ஓய்வு

தம்பி, நான் 31 வருடம் கணிதம் படிப்பித்தவன். அதில் பாதிக்கு மேல் பிரம்போடு.

2005இல் பள்ளிக்கூடங்களில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்தது. அதிபர் கூட்டத்தில் வாசித்தார். நான் பிரம்பை அலுமாரிக்கு மேல் போட்டேன். அன்றோடு அடி நின்றது. ஆனால் நான் நிற்கவில்லை. கையில் இருந்தது நாக்குக்கு ஏறியது. "உனக்கு இது ஏறாது, கொப்பரோடு தோட்டத்துக்குப் போ" என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! சட்டத்தை மீறவில்லை என்று நிம்மதியாகவும் இருந்தேன்.

இரண்டு வருடம் போயிருக்கும். ஒரு நாள் கரும்பலகையின் மேல் வரியை அழிக்க டஸ்டரோடு கையைத் தூக்கினேன். முன்வாங்கில் இருந்த பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். அவன் சுற்றறிக்கைக்குப் பிறகு என் வகுப்புக்கு வந்தவன். என் கை அவன் மேல் ஒரு நாளும் பட்டதில்லை. அன்று சைக்கிளில் ஏற மனம் வராமல் வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகுதான் என்னையே பார்க்கத் தொடங்கினேன். கோபம் வந்த பாடவேளைகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன். அநேகமாக எல்லாம் சாதாரணதரப் பரீட்சை எழுதுகிற வகுப்பு, அதுவும் பாடத்திட்டம் முடியாமல் கிடந்த நாள்கள். பெறுபேறு வரும்போது "உங்கள் பாடத்தில் எத்தனை பேர் சித்தியடையாமல் விட்டார்கள்" என்று கேட்பார்களே, அந்தப் பயம். பிள்ளைகளின் மேல் கோபம் என்று நான் நினைத்திருந்தது என் மானத்தைப் பற்றிய பயம்தான்.

நான் செய்தது சின்ன விஷயம். கோபம் ஏறினால் சோக்கை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிடுவேன். நின்றால் வருகிற குரல் எனக்கு இருந்தால் வராது. தவறிய நாள்கள் நிறைய. அப்போதெல்லாம் அடுத்த நாள் அதே வகுப்புக்கு முன்னால் "நேற்று நான் சொன்னது பிழை" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுவேன். முதல் தரம் குரலே வரவில்லை. ஆனால் அப்படி நாலைந்து தரம் சொன்ன பிறகுதான் ஏசுவதற்கு வாய் கூசத் தொடங்கியது. ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்தது.

உங்கள் விரதத்தைப் பொய் என்று நினைக்க வேண்டாம். மகன் தோளில் சாய்ந்தது உண்மையான தகப்பனில்தான். அவன் 54 என்று சொன்னபோது உங்கள் கண்ணுக்கு முன்னால் வந்தது ஏழெட்டு இல்லை, புலமைப்பரிசிலில் தேற எடுக்க வேண்டிய வெட்டுப்புள்ளி. அது யாருடைய வெட்டுப்புள்ளி என்று ஒருக்கா யோசித்துப் பாருங்கள்.

பதில்: கொக்குவில் அப்பா

மாஸ்டர், உங்கள் பதிலைக் கடையில் வைத்து மூன்று தரம் வாசித்தேன். கடைசி வரியில் நின்றுவிட்டேன்.

95இல் யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்தபோது சாவகச்சேரிக்குப் போய், அடுத்த வருடம் திரும்பி வந்து, 98இல் நான் புலமைப்பரிசில் எழுதினேன். நாலு புள்ளியால் தவறவிட்டேன். அப்பா அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. இதை மனைவிக்கும் சொன்னதில்லை. நேற்றிரவு சொன்னேன்.

அதற்கு முன்னம் பின்னேரம் வாய்ப்பாடு கேட்டேன். ஆறொன்பதில் நின்றான். எனக்கு ஏறியது. எழும்பிக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளி முகம் கழுவினேன். திரும்பி வந்து பார்த்தால், எழுதி அழித்து எழுதி அழித்துத் தாள் கிழிந்திருந்தது.

"அப்பா, ஏசப் போறீங்களோ?"

"இல்லை. எனக்கும் சின்ன வயதில் ஒன்பதாம் வாய்ப்பாடு வராது" என்றேன். உண்மைதான்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு விரல்களை விரித்து வைத்து எண்ணத் தொடங்கினான். நான் பக்கத்தில் இருந்தேன். "ஐம்பத்திநாலு" என்றான், மெதுவாக. கொப்பியை எறிந்த அன்று சொன்ன அதே எண். இந்த முறை சரி.