அப்பா கொடுத்த இடத்தில் கட்டிய வீடு யார் கணக்கு?

நொய்யல்கரை:
எங்கள் 97ஆம் வருட மெக்கானிக்கல் செட்டின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ராத்திரி கொடிவேரியார் ஓர் உபதேசம் போட்டார். அங்கே பதில் சொன்னால் பாதிப் பேர் கும்பிடு பொம்மை போட்டே அமுக்கிவிடுவார்கள், அதனால் இங்கே கொண்டுவருகிறேன். அவர் சொன்னது இதுதான்: இன்ஜினியரிங் முடித்தவனுக்கு 25இல் நிலையான தொழில், 28இல் கல்யாணம், 40க்குள் சுய சம்பாத்தியத்தில் வீடு, 50க்குள் பிள்ளையைக் கரையேற்றுவது. நான்கையும் அவர் முடித்துவிட்டாராம். முடிக்காதவன் படித்தது தண்டமாம்.

மற்றதெல்லாம் இருக்கட்டும். கோவை காளப்பட்டியில் அவர் வீடு நிற்கிற பத்து சென்ட் அவருடைய அப்பா கொடுத்தது. புதுமனை புகுவிழாப் பந்தியில் பெரியவரே என்னிடம் சொன்னார். இதில் சுய சம்பாத்தியம் எங்கிருந்து வந்தது?

கொடிவேரி:
வந்துட்டாருங்க கணக்குப்பிள்ளை. அன்றைக்குச் சாப்பிட்ட சோறு இன்னும் செரிக்கவில்லை போலிருக்கிறது. இடம் அப்பா கொடுத்தார், யார் இல்லை என்றது? வீடு நான் கட்டினேன். இடம் வேறு, வீடு வேறு. 2012இல் அஸ்திவாரம் போட்டேன். அப்போது கரண்ட் எந்த லட்சணத்தில் இருந்தது என்று கோவை கணபதி பகுதியில் பட்டறை வைத்திருந்த யாரையாவது கேளுங்கள். பகலில் பாதி நேரம் லேத்து ஓடாது. ஜாப் ஆர்டரை ராத்திரியில் ஓட்டி, பம்பு கம்பெனிக்கு டெலிவரி கொடுத்துவிட்டு, விடிந்ததும் போய் சுவருக்குத் தண்ணீர் விட்டவன் நான். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏசியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது புரியாது.

பவானிசாகர்:
ஒரு சின்னச் சந்தேகமுங்க. வீடு கட்ட பேங்க் கடன் வாங்கியிருப்பீர்கள். அவர்கள் எதை அடமானமாக வாங்கி வைத்துக்கொண்டு கொடுத்தார்கள்? உங்கள் டிகிரி சர்டிபிகேட்டையா, அப்பா வாங்கிய இடத்தின் மூலப்பத்திரத்தையா?

கொடிவேரி:
பத்திரம் பீரோவில் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது. தவணை கட்டுவது பத்திரமா? நான். பத்தரை வட்டியில் ஆரம்பித்தேன். இடம் வேறு, வீடு வேறு.

பவானிசாகர்:
கட்டுவது என்கிறீர்கள். அப்போ இன்னும் முடியவில்லை. 40க்குள் முடித்ததாகப் போட்டிருந்தீர்களே?

கொடிவேரி:
வீட்டை முடித்தேன் என்றேன், கடனை என்று சொன்னேனா? தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் நான் என்ன செய்வது.

டெக்சாஸ் தோட்டத்துக்காரன்:
பங்காளி, உன் பட்டியலை இங்கே கொண்டுவந்தால் ஒருத்தனும் தேற மாட்டான். நான் 99இல் ஒய்2கே வேலைக்கு, அதான் 2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர் தேதி குழம்பாமல் சரிசெய்கிற வேலைக்கு, அமெரிக்கா வந்தவன். இங்கே நிரந்தரமாகத் தங்க வேண்டிய கிரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. நம் ஆட்கள் லட்சக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். நடுவில் 2008இல் கம்பெனி மாற வேண்டி வந்தது, இழுத்தடித்துக்கொண்டே போனது. மகளுக்கு 21 வயதாகிவிட்டால் என் விசாவை ஒட்டி இருக்க முடியாது. 50க்குள் கரையேற்று என்கிறாய். இங்கே கரையே தள்ளித் தள்ளிப் போகிறது.

கொடிவேரி:
உன்னை யார் போகச் சொன்னது? அங்கே நீ வாங்கியிருப்பது முப்பது வருடக் கடனில் பேங்கின் வீடு. நோம்பிக்கு ஒரு தடவை வீடியோ காலில் வந்து ஊர்ப்பாசம் காட்டுகிற ஆட்களுக்கு இங்கே செங்கல் சுமந்தவன் பாடு தெரியாது.

டெக்சாஸ் தோட்டத்துக்காரன்:
என் வீட்டுக்கு முன்பணம் நான் கட்டினேன் பங்காளி. எங்கய்யன் கட்டவில்லை.

நொய்யல்கரை:
அப்படிப் போடு!

மெக்கானிக்கல் அம்மிணி:
நீங்கள் எல்லாரும் அப்பா, மகன் என்று இரண்டு பேரை வைத்தே கணக்குப் போடுகிறீர்கள். கொடிவேரிக்கு ஒரு தங்கை உண்டு. 2003இல் அந்தத் தங்கையின் கல்யாணத்துக்கு நம் வகுப்பிலிருந்து வேன் வைத்துக்கொண்டு போனோம். ஏனுங்க, அந்தப் பத்து சென்ட்டை அப்பா உங்கள் பேருக்கு எழுதும்போது தங்கை கையெழுத்து வாங்கினீர்களா?

கொடிவேரி:
அம்மிணி, அதற்கு அவசியமே இல்லை. கோபிப் பக்கம் எங்கள் தாத்தா காலத்துத் தோட்டத்தில் ஓர் ஏக்கரை விற்று அப்பா வாங்கிய இடம் அது. அவர் வாங்கினார், அவர் இஷ்டப்பட்டு என் பேருக்கு செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிக் கொடுத்தார். தங்கைக்கு ஐம்பது பவுன் போட்டு, கார் கொடுத்து, ஆடிச் சீர், தீபாவளிச் சீர் எல்லாம் குறைவில்லாமல் செய்தோம்.

மெக்கானிக்கல் அம்மிணி:
நீங்களே வாயைக் கொடுத்துவிட்டீர்கள். பூர்வீகத் தோட்டம் விற்ற காசில் வாங்கினால் அதுவும் பூர்வீகக் கணக்கில்தான் வரும். அதை ஒரே பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க முடியாது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பிறப்புரிமை உண்டு. அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களைத்தான் அந்தச் சட்டம் விட்டது, உங்கள் தங்கைக்கு ஆனது 2003. 2005இல் மத்திய அரசும் இந்து வாரிசுச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது, 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சீர் செய்தோம், பவுன் போட்டோம் என்பதெல்லாம் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுகிற விடுதலைப் பத்திரம் ஆகாது. இடம் வேறு, வீடு வேறு என்கிறீர்களே, சீர் வேறு, பங்கு வேறு.

கொடிவேரி:
குடும்பத்தைக் கலைக்க வந்துவிட்டீர்கள். என் தங்கை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மெக்கானிக்கல் அம்மிணி:
கேட்டால் பொறந்த வீட்டு வாசல் மிதிக்க முடியாது என்று தெரிந்துதான் யாரும் கேட்பதில்லை. நம் செட்டில் பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான் கையெழுத்துப் போட்டோம். அந்த இடத்தில் தம்பி கட்டிய வீட்டை அவன் சாதனை என்று போட்டோ போடுகிறான், நாங்கள் கைதட்டுகிறோம்.

பனியன் பங்காளி:
பட்டியல் போடுகிறவர்கள் திருப்பூர் வந்து பாருங்கள். எனக்கு 34 வயதிலேயே சொந்தப் பட்டறை, சொந்த வீடு, எல்லாம் சுய சம்பாத்தியம். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு வந்தது. வீட்டை விற்றுத்தான் பேங்கை அடைத்தேன். அப்புறம் நான் படித்தது தண்டமா?

நொய்யல்கரை:
பனியன், உங்கள் மேல் பரிதாபம்தான், ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். 1992இல் நொய்யலில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் உங்கள் சாயத் தண்ணீர்தான் வந்து நின்றது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை மாடுகூட மோந்துவிட்டுத் திரும்பிப் போனது. வெள்ளாமை போச்சு, எங்கய்யன் தோட்டத்தை விற்க ஆள் கிடைக்கவில்லை. எனக்குக் கொடுக்கப் பத்து சென்ட் இல்லாமல் போனதற்கு அந்த உத்தரவு தாமதமாக வந்ததுதான் காரணம்.

பனியன் பங்காளி:
சாயம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டுதானே இதை டைப் செய்கிறீர்கள்? லட்சம் பேர் பிழைத்தார்கள்.

நொய்யல்கரை:
பிழைத்தது யார், செத்தது யார் என்று நேரில் பேசலாம் வாங்க.

2011 பேட்ச்:
அண்ணா எல்லாரும் மன்னிக்கணும். நான் சரவணம்பட்டியில் ஐடியில் இருக்கிறேன். இந்த விலைக்கு அப்பா இடம் தராமல் 40க்குள் தனி வீடு என்பதே எங்கள் செட்டுக்குக் கனவு. அபார்ட்மெண்ட் கணக்கில் சேருமா?

கொடிவேரி:
தம்பி, நுழைவுத் தேர்வை ரத்து செய்த பிறகு காலேஜில் சேர்ந்த செட்டு நீங்கள். பெரியவர்கள் பேசும்போது கொஞ்சம் ஓரமாக உட்காருங்கள்.

இப்போது எல்லாருக்கும் மொத்தமாகச் சொல்கிறேன். இடத்துக்கு அப்பா, வீட்டுக்கு நான். கம்பி வாங்கியது நான், மணலுக்கு அலைந்தது நான், தேக்கில் வாசல் நிலை வைத்தது நான். வெறும் இடத்தில் யாராவது படுத்துத் தூங்க முடியுமா?

பவானிசாகர்:
இடம் இல்லாமல் வெறும் கம்பியில் தூங்க முடியுமாங்க?

மெக்கானிக்கல் அம்மிணி:
சர்வே நம்பர் சொல்லுங்கள், வில்லங்கம் ஆன்லைனிலேயே பார்க்கலாம். செட்டில்மெண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பத்திர நகலும் எடுத்துவிடுகிறேன்.

கொடிவேரி:
உங்கள் வீட்டு வில்லங்கத்தை முதலில் பாருங்கள். இந்த நொய்யல்கரைக்கு என்மேல் ஏன் காட்டம் என்று எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் வருடம் வகுப்பு ரெப் தேர்தலில் என்னிடம் தோற்றவர்.

நொய்யல்கரை:
ரெப் ஆகி என்ன கிழித்தீர்கள்? 96இல் நீலகிரி குந்தா பவர் ஹவுஸ் டூருக்கு ஆளாளுக்குக் காசு வாங்கினீர்களே, மீதிக்கு இன்றுவரை கணக்கு வரவில்லை. அந்த மீதியும் சுய சம்பாத்தியத்தில் சேர்ந்ததா?

கொடிவேரி:
பர்லியாறு பக்கம் பஸ் நின்றதே, மெக்கானிக்குக் கொடுத்தது யார்? டிரைவர் படி யார் கொடுத்தது? கொண்டை ஊசி வளைவில் நீங்கள் வாந்தி எடுத்து, சீட் கழுவக் கொடுத்த காசும் அதில்தான் போனது.

நொய்யல்கரை:
வாந்தி எடுத்தது நான் இல்லை. டெக்சாஸ்.

டெக்சாஸ் தோட்டத்துக்காரன்:
யோவ், நான் அந்த டூருக்கே வரவில்லை. காசு மட்டும்தான் கொடுத்தேன்.