சிபிஆர் நேரில் கற்றவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் இதய நோயுள்ள மாமனார் இருக்கிறார். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் பத்து மாதக் குழந்தையும் உண்டு. அதனால் நானும் கணவரும் சிபிஆர் (இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முறை), முதலுதவி இரண்டையும் முறையாகக் கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.

வீடியோ பார்த்ததில் ஓரளவு புரிந்தது. பெரியவர்களுக்கு நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ.க்குக் குறையாமல் அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக மேலெழ விட வேண்டும். கேட்க சுலபம்தான். தலையணையில் செய்து பார்த்தால் அது பாட்டுக்கு அமுங்கிவிடுகிறது, எவ்வளவு பலம் போடுவதென்று கைக்குப் பிடிபடவே இல்லை. முழங்கையை மடக்காமல் ஒரு நிமிடம் செய்வதற்குள் மூச்சு வாங்குகிறது! ஆகவே பொம்மையில் பழக்கி, தப்பை அங்கேயே திருத்தும் வகுப்புதான் வேண்டும். சான்றிதழ் எனக்கு முக்கியமில்லை.

நீங்கள் போன வகுப்பில் அழுத்தம் சரியா என்று விளக்கோ சத்தமோ காட்டும் பொம்மை இருந்ததா? இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைக் கையில் கொடுத்தார்களா? குழந்தைகளுக்குத் தனி வகுப்பா? ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்தால் வயிற்றை அழுத்தக்கூடாது, முன்கையில் குப்புறத் தாங்கி முதுகில் 5 தட்டு, பிறகு திருப்பி மார்பில் 5 அழுத்து என்கிறார்கள். எவ்வளவு ஓங்கித் தட்டுவது? அதுதான் பயமே.

கற்றது எத்தனை மாதம் கையில் நிற்கிறது என்றும் சொல்லுங்கள். எனக்கு மணிக்கட்டு வலி வேறு. அப்படி இருந்தும் பயிற்சி முடித்தவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்களேன்.