படங்களை இழுத்து பேட்ச் கோப்பின் தலையில் போடுவது சரியா?

குயூர்பிப் குளிர்:
கோயிலின் தைப்பூசக் காவடிப் படங்களைச் சிறிதாக்க ஒரு பேட்ச் கோப்பு (விண்டோஸ் வரிசையாக ஓட்டும் கட்டளைகளின் பட்டியல்) எழுதி முகப்புத்திரையில் வைத்தேன். படங்களைச் சுட்டியால் பிடித்து அதன் மேல் போட்டால் போதும்; விண்டோஸ் அவற்றின் பாதைகளை, அதாவது கோப்பு இருக்கும் இடத்தின் முழு முகவரிகளை, %1, %2 என்று அதற்குக் கொடுத்துவிடும். எழுபது வயதுப் பொருளாளர்கூடச் செய்கிறார். கறுப்புத் திரையில் கட்டளை தட்டச் சொன்னால் அவர் எழுந்து விளக்கேற்றப் போய்விடுவார். இதைச் சிறுபிள்ளை வழி என்று சிலர் சொல்வது ஏன்?

ரோஸ்ஹில் கிழவன்:
சொன்னவர்களில் நானும் ஒருவன், தம்பி. பத்துப் படங்களைப் போட்டுப் பார்த்தீர்களா? பேட்ச் மொழியில் %9 வரைதான். %10 என்று எழுதினால் அது %1-க்குப் பின்னால் ஒரு பூஜ்யத்தை ஒட்டிவைக்கும்.

குயூர்பிப் குளிர்:
பேட்ச் மொழியில் ஷிஃப்ட் என்ற கட்டளை எதற்கு இருக்கிறது, ஐயா? %2-ஐ %1 ஆக்கி, ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போகலாம்.

ரோஸ்ஹில் கிழவன்:
போகலாம். ஆனால் 400 படங்களை ஒரே மூச்சில் போட்டால்? பேட்ச் கோப்பை ஓட்டும் சிஎம்டி (விண்டோஸின் அந்தக் கறுப்புத் திரை) ஏற்கும் கட்டளை வரி 8,191 எழுத்துகள்தான். ஒரு பாதைக்கு 60 எழுத்து வைத்தாலும் 140 படங்கள் தாண்டாது.
அதைவிடக் கொடுமை ஒன்று. ரீயூனியன் தீவிலிருந்து வந்து படமெடுத்தவர் ஒரு கோப்புக்கு 'பாப்பா&மாமோ' என்று பெயர் வைத்திருந்தார். ஃபிரெஞ்சு விசைப்பலகையில் & போட ஷிஃப்ட் விசைகூடத் தேவையில்லை, தாராளமாகப் போடுகிறார்கள். பாதையில் இடைவெளி இருந்தால்தான் விண்டோஸ் மேற்கோள்குறி இடும். அதில் இல்லை. சிஎம்டி & இருந்த இடத்தில் வரியை வெட்டி, 'பாப்பா'வை நிரலுக்குக் கொடுத்தது; 'மாமோ'வைத் தனிக் கட்டளையாக ஓட்டப் பார்த்தது. இரு பக்கமும் இடைவெளி விட்டிருந்தால் தப்பியிருக்கும்!

மோக்கா மாணவி:
அது பேட்ச் மொழியின் குற்றம், இழுத்துப் போடுவதன் குற்றமல்ல. படங்களை விட்டுவிட்டு அவை இருக்கும் அடைவையே (ஃபோல்டர்) இழுத்துப் போடச் சொல்லுங்கள், அண்ணா. நிரலுக்குப் போவது ஒரே பாதை. உள்ளே இருப்பவற்றை நிரலே எண்ணிக்கொள்ளும்; படத்தின் பெயரில் & இருந்தாலும் கட்டளை வரிக்கு அது வராது. நிரலில் மேற்கோளுக்குள் "%~1" என்று எழுதுங்கள், இல்லாவிட்டால், விண்டோஸ் ஏற்கெனவே இட்டிருந்தால், மேற்கோள்குறி இரட்டிக்கும்.

ரோஸ்ஹில் கிழவன்:
அடைவின் பெயரிலேயே & இருந்தால்?

மோக்கா மாணவி:
அடைவுக்குப் பெயர் வைப்பது பொருளாளர்தானே, ஐயா. ஒருமுறை சொன்னால் கேட்பார்.

குயூர்பிப் குளிர்:
அடைவை வைத்து இன்று மாலை பார்க்கிறேன். சுட்டியை மட்டும் அவரிடமிருந்து பிடுங்க மாட்டேன்.

ரோஸ்ஹில் கிழவன்:
விழா மலரின் பக்கங்களை வரிசையாகக் கோக்க மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். எந்தக் கோப்பைப் பிடித்து இழுக்கிறீர்களோ, அதுதான் பெரும்பாலும் %1 ஆகும். எங்கள் மலரில் நன்றியுரை முதல் பக்கத்துக்கு வந்தது அப்படித்தான்.