நமக்கு முன்னால் இந்த வீட்டில் யார் இருந்தார்கள்? உங்கள் அனுபவம்

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டை வாங்க வங்கிக் கடன் கேட்டோம். வீடு யார் யார் கை மாறி வந்தது என்று காட்டும் பழைய தாய்ப்பத்திரம் இல்லாமல் சட்ட ஒப்பீனியன் தரமாட்டேன் என்றார் வக்கீல். சொத்தின் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று இணையத்தில் அப்போது 1975 வரைதான் பின்னால் போனது. அதற்கு முந்தியதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, ஆள் உட்கார்ந்து தேட வேண்டியிருந்தது. மூன்றாவது நடையில் 1942 மே மாதக் கிரையப் பத்திரத்தின் நகல் கிடைத்தது.

விற்றவர் ஒரு விதவை. வயது 34. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'இடது கைப் பெருவிரல் ரேகை'. விலாசம், 'தற்சமயம் கும்பகோணத்தில் வசிக்கும்'. தற்சமயம் என்ற அந்த ஒரு வார்த்தையில் நின்றுவிட்டேன். அந்த ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன, மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது சென்னைதான் என்று ஊரே மூட்டை கட்டியது. எங்கள் தாத்தா 'எவாக்குவேஷன்' என்று சொல்லும் அந்தக் காலத்தில், வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டுப் போனவர்கள் நிறைய. இந்த அம்மாளும் அப்படித்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனால் பத்திரத்தில் வருவது சொந்தக்காரர்கள்தான். குடக்கூலிக்கு இருந்தவர்கள் அதில் எங்கே வருவார்கள்? அவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டிதான் ரெக்கார்டு ஆபீஸ். முன் அறையில் அச்சகத்தில் புரூஃப் பார்த்த ஒருவர், பின்கட்டில் ஆறு பிள்ளைகளோடு ஒரு குடும்பம். ரேழித் தூணில் கத்தியால் கீறிய கோடுகள் இருக்கின்றன, பக்கத்திலேயே ரா, சா, கோ என்று எழுத்துகள். பிள்ளைகளின் உயரம். பெயிண்டர் பட்டி வைத்து அடைக்கப் போனார், ஓடிப்போய்த் தடுத்தேன். ரா, சா கோடுகள் என் தோள் வரை ஏறுகின்றன. கோ மட்டும் இடுப்போடு நிற்கிறது. பாட்டியிடம் கேட்டேன். "காபி குடிக்கிறியா?" என்றார்.

• • •

எங்களுக்குத் துப்புக் கொடுத்தது மொய் நோட்டு. காரைக்குடிப் பக்கம் வாங்கிய வீட்டின் பரணில் கிடந்தது. 1930களின் கல்யாணம். பெயருக்கு எதிரே ஊர்: பர்மாவின் ரங்கூன், பெகு, மோல்மீன், மலாயாவின் ஈப்போ. தூணெல்லாம் ஏன் பர்மாத் தேக்கு என்று அப்போதுதான் உறைத்தது. பாதி ஏடுகள் கரையானுக்குப் போய்விட்டன. விற்றவர்களிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தோம், அந்த வீட்டு ஆச்சி வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

• • •

பழைய பத்திரம் கிடைக்காதவர்கள் பக்கத்து வீட்டுப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். நான்கு எல்லைகளையும் சொல்லும் செக்குபந்தியில் 'இன்னார் வீட்டுக்குக் கிழக்கு' என்று நம் வீட்டுக்காரர் பெயர் வந்திருக்கும். எனக்கு இரண்டு தலைமுறை அப்படித்தான் கிடைத்தது. அண்டை வீட்டாரோடு சுவர்த் தகராறு இருந்தால் மட்டும் முதலில் அதை முடித்துக்கொள்ளுங்கள்!