பல்கேரியப் பண்டிகைகள்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பிளவ்டிவ் மாணவி

ஜூன் 2, பகல் 12 மணி சைரன். அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எனக்கு அது முதல் வருடம், யாரும் சொல்லி வைக்கவில்லை. ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் போன். அம்மாவிடம் பேசிக்கொண்டே சாலையைக் கடக்கிறேன். சைரன் அலறியதும் ஏதோ ஆம்புலன்ஸ் என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பேசினேன்.

பாதி சாலையில்தான் உறைத்தது, அந்தத் தெருவில் அசைவது நான் ஒருத்திதான். கார்கள் நின்றுவிட்டன. ஒரு டிரைவர் இறங்கிக் கதவைப் பிடித்தபடி நின்றார். பூக்கடை அக்கா வாளியைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றார். அடியிலிருந்து தண்ணீர் அவர் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பாட்டி. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

ஹிரிஸ்தோ போதெவ் யார் என்று சாயங்காலம்தான் படித்தேன். கவிஞர். ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்துச் சுமார் 200 பேரோடு டான்யூப் நதியைக் கடந்து வந்து, 1876ல் விராத்சா மலைப்பக்கம் சுடப்பட்டு இறந்தார். வயது 28. அவருக்காகவும் விடுதலைக்காக உயிர்விட்ட எல்லோருக்காகவும்தான் அந்தச் சைரன்.

வர்னாவில் இருந்தவள்

எனக்கு மார்த்தெனிட்சா. மார்ச் 1 காலையில் வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி, "செஸ்திதா பாபா மார்த்தா" (மார்ச் பாட்டி நாள் வாழ்த்து) என்று சொல்லி என் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலைக் கட்டினார். கடையில் வாங்கியது இல்லை, அவரே திரித்தது. முடிச்சு போடும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார், எனக்கு நல்ல உடம்பு வேண்டித்தான் இருக்கும்.

அன்றைக்கு லேபில் கையுறை போடுவதற்கு முன் கையில் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். கத்தரிக்கோலால் வெட்டி, ஞாபகமில்லாமல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். நாரையைப் பார்க்கும்வரை, இல்லை ஏதாவது மரம் பூக்கும்வரை அவிழ்க்கக் கூடாது, அப்புறம் அதைப் பூத்த கிளையில் கட்ட வேண்டும் என்பதெல்லாம் தெரியாது. சாயங்காலம் அந்தம்மா என் கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை கதவுப்பிடியில் இன்னொன்று தொங்கியது. அதைக் கட்டிக்கொண்டேன். ஆனால் முதல் நாள் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காப்புக் கட்டினால் அறுக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். எப்படிச் செய்தேன்?

சோஃபியா, 9 வருடம்

முதலில் ஒரு திருத்தம். ஜூன் 2 விடுமுறை நாளே இல்லை, கடை, ஆபீஸ் எல்லாம் நடக்கும். தேசிய தினம் மார்ச் 3. ஒட்டோமான் ஆட்சியிலிருந்து பல்கேரியாவை விடுவித்த சான் ஸ்தெஃபானோ ஒப்பந்தம் 1878ல் கையெழுத்தான நாள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் சம்பவம் சின்னதுதான். ஜனவரி 1, பக்கத்து வீட்டுப் பையன் சூர்வாச்கா என்ற அலங்காரக் குச்சியோடு வந்து, "சூர்வா சூர்வா" என்று பாடிக்கொண்டே என் முதுகில் தட்டினான். குச்சியில் சோளப்பொரி கோத்திருந்தான். நான் சிரித்துக் கைகொடுத்து அனுப்பிவிட்டேன். காசோ மிட்டாயோ கொடுக்க வேண்டும் என்று தெரியாது. படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனான்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். பூ கொடுத்தால் ஒற்றைப்படையில் கொடுங்கள், இரட்டைப்படை சாவு வீட்டுக்குத்தான். பெயர் நாளுக்கு, அதாவது தன் பெயருள்ள புனிதரின் நாளுக்கு, யாரும் கூப்பிட மாட்டார்கள், நாமே போக வேண்டும். மே 6 கெயோர்கி நாளில் அந்தப் பெயருள்ள நண்பரை மறந்தால் வருத்தப்படுவார். சைவக்காரர்கள் டிசம்பர் 24 இரவு யாராவது அழைத்தால் தயங்காமல் போகலாம். அன்று இறைச்சியே கிடையாது. பீன்ஸ், அரிசி அடைத்த குடைமிளகாய், திராட்சை இலைச் சுருள், வால்நட் என்று பதார்த்தங்கள் ஏழு, ஒன்பது, பதினொன்று என ஒற்றைப்படையில் இருக்கும். ரொட்டிக்குள் காசு இருக்கும், பார்த்துக் கடியுங்கள். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்திருக்காதீர்கள். மேசையை எடுத்து வைக்கிறேன் என்று உதவவும் போகாதீர்கள். முன்னோர் வந்து சாப்பிடுவார்கள் என்று இரவு முழுக்க அப்படியே விடுவார்கள். இன்னும் சாப்பிடுகிறீர்களா என்று அவர்கள் கேட்கும்போது நீங்கள் தலையை மேலும் கீழும் ஆட்டினால் அங்கே 'வேண்டாம்' என்று அர்த்தம், வாயால் சொல்லிவிடுங்கள். அப்புறம், கருங்கடல் ஹோட்டலில் தீ மிதிப்பதைக் காட்டுவார்கள். வெறும் ஷோ, காசு வீண்.

ஈரோட்டுக்காரன்

ஹோட்டலில் பார்த்துவிட்டு 'வெறும் ஷோ' என்று முடித்துவிடாதீர்கள். ஸ்திரஞ்சா மலையில் பல்கரி என்ற சின்ன ஊருக்கு ஜூன் 3 இரவு போய்ப் பாருங்கள். நெஸ்தினார்ஸ்த்வோ என்ற இந்தத் தீமிதி, அந்த ஊர்க்காரர்கள் விடாமல் காப்பாற்றி வைத்திருக்கும் சடங்கு. திருச்சபைக்கே நெடுங்காலம் அது பிடிக்கவில்லை, இருந்தும் விடவில்லை. யுனெஸ்கோ 2009ல் பட்டியலில் சேர்த்தது அதைத்தான், ஹோட்டல் ஆட்டத்தை இல்லை.

நான் போனபோது நெருப்பைப் பரப்பி முடித்திருந்தார்கள். ஒரு மேளம், ஒரு கைதா. கைதா என்றால் ஆட்டுத்தோல் பையை ஊதி வாசிப்பது. கான்ஸ்டன்டைன், ஹெலன் புனிதர் படத்தை மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்து ஒரு பெண் வெறுங்காலோடு இறங்கினார். ஓடவில்லை. சின்னச் சின்ன அடி. மிதித்த இடம் ஒரு நொடி கறுத்து மறுபடி சிவந்தது. என்னை அறியாமல் ஷூவைக் கழற்றிவிட்டேன்.

வெளியே வந்தவரிடம், பாதத்தில் சாம்பல் ஒட்டியிருக்க, "சுடவில்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் படத்தை அணைத்துக்கொண்டு போய்விட்டார். என் அம்மா மூன்று வருடம் குண்டம் இறங்கியவர். எங்கள் ஊரில் இறங்கி வந்தவரிடம் யாரும் அதைக் கேட்க மாட்டோம். நானே கேட்டேன்.

பிளவ்டிவ் மாணவி

சோஃபியா அண்ணா, விடுமுறை இல்லை என்பது தெரியும். விடுமுறை இல்லாமல், கையில் இருக்கும் வேலையோடு அப்படியே நின்றார்களே, அதனால்தான் எனக்கு மறக்கவில்லை.

இந்த வருடம் 11:50க்கே அதே சாலைக்குப் போய்விட்டேன். பூக்கடை அக்கா இருந்தார், பாட்டி வரவில்லை. சைரனுக்கு நடுவில் அம்மா போன் அடித்தார். எடுக்கவில்லை.