டிரிங்கோமலீ மாதிரிக் கப்பல்: முகப்பில் பலகை ஒடிகிறது

கேள்வி: 1817-இல் பம்பாயில் தேக்கில் கட்டிய டிரிங்கோமலீ போர்க்கப்பலை 1:96 அளவில் செய்கிறேன். அசல் மாதிரியே இருக்கட்டும் என்று பழைய கதவுத் தேக்கை ஒரு மில்லிமீட்டராகச் சீவினேன். முகப்பு வளைவில் மூன்று பலகை சடக்கென்று ஒடிந்துவிட்டன. என்ன செய்ய?

பதில்: தேக்கு வேண்டாமே. இவ்வளவு சின்னக் கப்பலில் அதன் ரேகை கயிறு கயிறாகத் தெரியும். பேரிக்காய் மரம் நல்லது, ரேகை கண்ணுக்கே தெரியாது. வெந்நீரில் ஊறவைத்து, சூடான இரும்புக் குழாய்மேல் மெல்ல வளையுங்கள்.

இன்னொரு பதில்: முதலில், பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் விளிம்பைச் சாய்வாகத் தேய்த்தீர்களா? கூர்முனையில் அழுந்தினால் எந்த மரமும் ஒடியும்.

கேட்டவர்: தேய்க்கவே இல்லை! சரி, அந்தத் தேக்கு பீடத்துக்கு ஆகட்டும்.